குல்மார்க்கா, ஔலியா? பிப்ரவரிக்கு யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, பிப்ரவரி இரண்டாம் வாரம் பனிச்சறுக்குப் பயணம், ஆறு நாள், நான்கு பேர். இருவர் பனிச்சறுக்குக்குப் புதியவர்கள். மற்ற இருவரும் நடுத்தரச் சரிவுகளில் தடுமாறாமல் இறங்குவார்கள்.

காஷ்மீரிலுள்ள குல்மார்க் ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். புதுப்பனி விழுந்தால், வழியிலுள்ள தங்மார்க் ஊரிலேயே சங்கிலி மாட்டிய வண்டிக்கு மாறவேண்டும். கொண்டோலா எனும் கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. மேலே காற்று பலமானால் அது நின்றுவிடும். பெரும்பகுதி சமன்செய்யாத ஆழப்பனி, பனிச்சரிவு அபாயமும் உண்டு. டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி), புரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பு), ஷவல் (மண்வாரி), கூடவே வழிகாட்டி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. புதியவர்களுக்குக் கீழேயுள்ள சிறு சரிவுகள்தான்.

உத்தராகண்டிலுள்ள ஔலி 2,500 முதல் 3,000 மீட்டர் வரை, சரிவு சீரானது, கற்றுக்கொள்ள ஏற்ற இடம். ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஔலிக்குக் கீழேயுள்ள ஜோஷிமட் வரை மட்டுமே சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை. போகவர இரண்டு நாள் கரைந்துவிடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் விரிசல்விட்டபோது அங்கிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்வேயும் நின்றது. பனி குறைந்த வருடங்களில் சரிவின் அடிப்பகுதி வெறும் புல்லாகிவிடும்.

என் மனம் குல்மார்க் பக்கம்தான். அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: கொண்டோலா டிக்கெட்டை எத்தனை நாள் முன்பே எடுக்கவேண்டும்? ஔலியில் சேர்லிஃப்ட் ஓடுகிறதா? முக்கியமாக, வாடகைக் கடைகளில் எடை, பூட்ஸ் நீளம் கேட்டு பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயுடன் பிணைக்கும் பிடிப்பு) அளவாகத் திருகித் தருகிறார்களா? அதிகம் இறுக்கிவிட்டால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும். அதைச் சரியாகச் செய்யும் கடை எந்த ஊரில் இருந்தாலும் தெரியப்படுத்துங்கள்.