யூகேஜி பிள்ளைக்குக் கோளும் ஆயத்தும் ஒரே சார்ட்டில் வேண்டுமா?

மண்ணடி வாப்பா:
அஸ்ஸலாமு அலைக்கும். என் மகன் சென்னையில் ஓர் இஸ்லாமிய நர்சரியில் யூகேஜி படிக்கிறான். பள்ளியின் பேர் வேண்டாம், பல இடங்களில் இதே கதைதான். போன மாதம் 'விண்வெளி வாரம்' நடத்தினார்கள். நல்ல விஷயம். ஆனால் வீட்டுக்கு வந்த சார்ட்டில் ஒவ்வொரு கோளுக்கும் பக்கத்தில் ஓர் ஆயத்து, அதாவது குர்ஆன் வசனம். மேலே பெரிய எழுத்தில் '1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆன் சொன்ன அறிவியல்'. நெப்டியூனைத் தொலைநோக்கியில் கண்டுபிடித்ததே 1846ல். அதற்கு எந்த ஆயத்தைத் தேடிப் பிடித்தார்களோ!

நான் படித்தபோது கோள்கள் ஒன்பது. 2006ல் புளூட்டோவைக் குள்ளக் கோள் என்று தள்ளி எட்டாக்கினார்கள். அந்த ஒன்பதுக்கு ஓர் ஆயத்தை ஒட்டியிருந்தால் இன்றைக்கு எதைக் கிழிப்பது? அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். ஆயத்தை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டால், பதினைந்து வயதில் பிள்ளைக்கு ஒன்றில் சந்தேகம் வரும்போது இரண்டும் சேர்ந்து ஆடும். வானத்தை வானமாகச் சொல்லிக்கொடுங்கள், குர்ஆன் ஓதலை ஓதலாகச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

திருவல்லிக்கேணி டீச்சர்:
வ அலைக்கும் ஸலாம் பாய். நான் இதே வயசுப் பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள், அதனால் கொஞ்சம் சூடாகவே பேசுகிறேன். அந்தத் தலைப்புக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் வானம் தனி, ஓதல் தனி என்பது பத்தாம் வகுப்பு டைம்டேபிள் பார்வை. ஐந்து வயசுப் பிள்ளையின் மனசில் பீரியட் பெல் அடிப்பதில்லை.

இரவு, பகல், சூரியன், சந்திரன் எல்லாவற்றையும் படைத்தவன் அவனே, ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் நீந்துகிறது என்று அல் அன்பியா சூராவில் வருகிறது (21:33). அதை ஓதிவிட்டுப் பிள்ளைகளைக் கையை விரித்து வகுப்புக்குள் நீந்த விடுவேன். ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நீந்த வேண்டும், அதுதான் ஆட்டம். இதில் நான் எதையும் நிரூபிக்கவில்லையே? நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைப்பவர்கள், வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்பவர்கள் என்று ஆலு இம்ரானில் (3:191) ஒரே மூச்சில் வருகிறது. நான் எப்படிப் பிரிப்பது?

பெரம்பூர் நன்னா:
இந்த வயசில் அரபி எழுத்து அலிஃப் பாவும் நாலு துஆவும் (பிரார்த்தனையும்) போதும். ராக்கெட்டெல்லாம் எட்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு யார் விண்வெளி வாரம் நடத்தினார்கள்?

புதுப்பேட்டை உம்மா:
நன்னா, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் வடசென்னை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை பிள்ளையின் கண்ணையா கட்டுவது? சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர். 2023 செப்டம்பரில் அது போனபோது டிவியில் அவரைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்ட முதல் கேள்வி, சூரியனுக்குப் போனால் எரிந்துபோகாதா என்பது. அது போவது 15 லட்சம் கிலோமீட்டர்தான், சூரியன் 15 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, நூறில் ஒரு பங்குகூடத் தாண்டாது என்று சொன்னேன். சரி என்று விட்டாள்.

அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். 'அப்போ ராக்கெட் எத்தனையாவது வானத்தில் இருக்கு?' ஓதல் வகுப்பில் ஏழு வானம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாப்பா பாய், இதற்கு வானத்தை வானமாக எப்படிப் பதில் சொல்வீர்கள்?

மண்ணடி வாப்பா:
'அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்' என்று சொல்வேன். அதில் என்ன குறை?

டீச்சர், உங்கள் நீச்சல் ஆட்டம் எங்கள் பள்ளியிலும் உண்டு. அங்கே ஒரு பிள்ளையைப் பூமி என்று நடுவில் நிறுத்தி, சூரியனையும் சந்திரனையும் சுற்ற விட்டிருக்கிறார்கள். என் மகன் இப்போது சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்கிறான். மறுத்தால், ஆயத்தில் வருகிறது வாப்பா என்கிறான். ஆயத்தில் அப்படி இல்லை, ஆட்டத்தில் இருந்தது. நான் பயந்தது இதற்குத்தான்.

திருவல்லிக்கேணி டீச்சர்:
நான் நடுவில் யாரையும் நிறுத்துவதில்லை. அது ஆட்டத்தை நடத்தியவரின் கோளாறு, ஆயத்தை வகுப்பிலிருந்து எடுத்துவிட அது காரணம் ஆகாது. பார்க்கப்போனால் சூரியனும் சும்மா நிற்கவில்லை, பால்வீதியின் மையத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 23 கோடி ஆண்டு.

மண்ணடி வாப்பா:
பார்த்தீர்களா, நீங்களே ஒட்ட ஆரம்பித்துவிட்டீர்கள்!

பழைய பிசிக்ஸ் வாத்தியார்:
நான் முஸ்லிம் இல்லை, ஆயத்து விஷயத்தில் வாய் திறக்கவில்லை. வானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நர்சரிகளில் ரமலான் அலங்காரத்துக்குப் பிறை வெட்டி, அதன் வளைவுக்கு உள்ளே ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். அந்த இடம் காலியாக இல்லை. சந்திரனின் இருட்டுப் பகுதி அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நட்சத்திரம் எப்படித் தெரியும்? சந்திரன் ராத்திரி மட்டும்தான் வரும் என்பது அடுத்த பொய். தேய்பிறை நாட்களில் காலை ஸ்கூல் வேன் ஏறும்போது மேற்கே அண்ணாந்து பார்த்தால் தெரியும். அப்புறம், இங்கிலீஷ் ரைம்ஸ் புத்தகத்தில் பிறை நட்டுவைத்த மாதிரி நிற்கும். சென்னையில் மாலைப் பிறை பெரும்பாலும் படகு மாதிரி சாய்ந்துதான் கிடக்கும், நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால். பிள்ளை கண்ணால் பார்ப்பது ஒன்று, சார்ட்டில் இருப்பது வேறொன்று.

பெரம்பூர் நன்னா:
சார், பிறையும் நட்சத்திரமும் எங்கள் அடையாளம். அதில் கை வைக்காதீர்கள்.

புதுப்பேட்டை உம்மா:
நன்னா, மினாராவில் இருக்கட்டும், கொடியில் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? விண்வெளிப் பாடத்தில் வேண்டாம் என்கிறார். எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ராயப்பேட்டை ஆலிமா:
ஏழு வானம் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: நெருங்கிய வானத்தை நட்சத்திரங்களால் அலங்கரித்தோம் என்று குர்ஆனில் வருகிறது (37:6). அதை வைத்து, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாமே முதல் வானத்துக்குக் கீழேதான் என்று சொன்ன உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. பிள்ளையிடம் 'ராக்கெட் இன்னும் முதல் வானத்தையே தாண்டவில்லை' என்று சொல்லலாம். இது தஃப்ஸீர், குர்ஆனுக்கான விளக்கம். இதைப் போய் கிலோமீட்டரில் அளக்க வேண்டாம்.

இனி வாப்பா பாய்க்கும் டீச்சருக்கும். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். பேசாமல் விட்டிருந்தால் அதுவே பெரிய அற்புதமாகப் பரவியிருக்கும். நபி அவர்கள் அப்படி விடவில்லை. யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தலைப்பு ஒட்டிய பள்ளிக்கு இதில் பாடம் இருக்கிறது. ஆனால் பாய், கிரகணத்தைப் பார்த்தால் தொழுங்கள் என்றும் அதே பேச்சில் சொன்னார்கள். இல்லாத காரணத்தை மறுத்ததும் தொழச் சொன்னதும் ஒரே நேரத்தில். நீங்கள் கேட்கிற மாதிரி இரண்டு பீரியடாகப் பிரிக்கவில்லை.

மண்ணடி வாப்பா:
ஆலிமா, தொழுகையை நான் எப்போது மறுத்தேன்? தொழுவதும் துஆ கேட்பதும் வேறு, ஆயத்தைக் கண்டுபிடிப்பு என்று காட்டுவது வேறு. வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964 வாக்கில் நிலை விண்மீன்கள் பற்றி எழுதியபோது பழைய கிரேக்க வானியலாளர் தாலமியின் பட்டியலை எடுத்து, நட்சத்திரங்களின் ஒளி அளவைத் தானே பார்த்துத் திருத்தினார். ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளைச் சின்ன மேகம் என்று குறித்தார். கண்ணில் பட்டதை எழுதினார். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வரட்டும்.

திருவல்லிக்கேணி டீச்சர்:
அவரும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் பேனா எடுத்திருப்பார் பாய். ஒன்று சொல்லட்டுமா, பிள்ளைகளுக்கு உங்கள் பயமே கிடையாது. 2023 ரமலானில் அமீரகத்தின் விண்வெளி வீரர் சுல்தான் அல் நெயாதி விண்வெளி நிலையத்தில் இருந்ததைச் சொன்னேன். அங்கே ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும் என்றதும் ஒருத்தன், 'அப்போ 16 தடவை இஃப்தாரா, 16 தடவை சமோசாவா?' என்றான். பயணிக்கு நோன்பைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டு என்று அன்றைக்கே சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு அறிவியல் டீச்சர் பதில் சொல்வாரா, ஓதல் டீச்சர் பதில் சொல்வாரா?

பழைய பிசிக்ஸ் வாத்தியார்:
சமோசாக் கேள்வி பிரமாதம். யார் ஜெயித்தாலும் ஒன்று செய்யுங்கள். பௌர்ணமி அன்று மாலை பிள்ளைகளை மெரினாவுக்குக் கூட்டிப் போங்கள். மேகம் இல்லாவிட்டால் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும் நேரத்தில் சந்திரன் கடலிலிருந்து ஏறும். ரெண்டையும் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும். மாதம் தொடங்கும் பிறை மேற்கில்தான் தெரியும், அதற்கு மெரினா ஆகாது, கட்டிடம் மறைக்கும்.

புதுப்பேட்டை உம்மா:
பிறைக்கு எங்கள் மொட்டை மாடி இருக்கிறது. இஸ்லாமிய மாதத்தின் 29ம் நாள் மஃரிபுக்கு, சூரியன் மறையும் நேரத் தொழுகைக்கு, யார் வேண்டுமானாலும் வரலாம். லிஃப்ட் வேலை செய்யாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

மண்ணடி வாப்பா:
மகனோடு வருகிறேன், இன்ஷா அல்லாஹ். ஆனால் அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அந்தச் சார்ட்டை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் போகிறேன்.

திருவல்லிக்கேணி டீச்சர்:
தலைப்பை எடுக்கச் சொல்லுங்கள், நெப்டியூன் ஆயத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். 21:33ஐ எடுக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.