கேரவனில் எந்த வகையைப் பதிவு செய்வது? இன்றிரவுக்குள் முடிவு சொல்ல வேண்டும்

தக்கலைவாசி:
அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறையில், அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்து பயணம் போகிறோம். எல்லோரும் ஒரே வண்டியில் தங்கிச் சுற்றலாம் என்று அண்ணன் ஆசைப்படுகிறார். கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி, ஃபிஃப்த் வீல், டிராவல் டிரெய்லர் என்று ஐந்து பெயர்களை எழுதி அனுப்பி, நல்லதாக ஒன்றைப் பார்த்துப் பதிவு செய்துவிடு என்கிறார். எனக்கு இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்றே தெரியவில்லை. வண்டியை வாடகைக்கு விடும் ஒருவரிடம் பேசியதில் இன்றிரவுக்குள் முன்பணம் அனுப்பச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லி உதவுங்கள்.

தோவாளைக்காரர்:
வணக்கம். மொத்தம் எத்தனை பேர், அவர்களில் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் எத்தனை பேர், எந்த ஊர்களுக்குப் போகிறீர்கள், வண்டியை யார் ஓட்டுவது என்ற நான்கையும் எழுதினால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். பயணம் இங்கேயா, அண்ணன் இருக்கும் நாட்டிலா என்பதும் பதிவில் தெளிவாக இல்லை.

வடசேரி ஆசிரியர்:
விவரம் வரும்வரை பெயர்களையாவது விளக்கிவிடுகிறேன். இவை அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் வகைகள். ஏ, பி, சி என்பது அளவின் வரிசை அன்று என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். ஏ பெரியது, பி மிகச் சிறியது, சி இடைப்பட்டது. பேருந்து அல்லது கனரக லாரியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டகத்தின் மேல் முழு வீட்டையே கட்டி எழுப்பினால் அது ஏ. சில வண்டிகள் 45 அடி நீளம் வரை போகும். ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற வேனின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே கட்டிலும் அடுப்பும் சிறு கழிப்பறையும் அமைத்தால் அது பி. இருவருக்குத் தாராளம், நால்வருக்கு நெருக்கடி. வேனின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் அகலமான பெட்டியைத் தனியாகக் கட்டினால் அது சி. ஓட்டுநரின் தலைக்கு மேல் பரண் போல முன்னோக்கி நீண்டிருக்கும் கட்டிலை வைத்து இதை எளிதில் கண்டுகொள்ளலாம்.

மற்ற இரண்டுக்கும் சொந்த எஞ்சின் கிடையாது. டிராவல் டிரெய்லர், இழுக்கும் வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டப்படுவது. ஃபிஃப்த் வீல், பிக்கப் வண்டியின் சரக்குத் தட்டுக்குள் பின் அச்சுக்கு மேலாக வந்து அமர்வது. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளும் இதே முறையில்தான் பெட்டியைச் சுமக்கின்றன. பாரம் அச்சின் மேல் இறங்குவதால் ஓட்டத்தில் ஆட்டம் குறைவு. ஆனால் இரண்டிலும், வண்டி ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

நாஞ்சில் மூத்தவர்:
எந்த நாட்டுச் சாலையில் ஓடப்போகிறது என்பதைக்கூடச் சொல்லாமல் எந்த வகை நல்லது என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது வீண் வேலை. இந்த அடிப்படைகளை நான் இங்கே பல முறை விரிவாக எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படிக்கும் பொறுமை புதியவர்களுக்கு இல்லை. இந்தியாவில் ஏ, பி, சி என்று ஒரு வண்டியையும் பதிவு செய்வதில்லை. இங்கே அது மோட்டார் கேரவன். அதற்கு ஏஐஎஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய வேனுக்குள் கட்டில் போட்டுவிட்டுக் கேரவன் என்று வாடகைக்கு விடுபவர்களிடம் ஆர்சி புத்தகத்தைக் கேளுங்கள். இது தெரியாதவர்கள் பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.

தோவாளைக்காரர்:
மூத்தவர் சொன்ன செய்தி மிகவும் தேவையானது. அவசரத்தில் கேட்பவரிடம் அதைச் சற்றுப் பரிவாகச் சொன்னால் அவரும் தயங்காமல் திரும்பி வருவார்.

குலசேகரம் தோட்டக்காரர்:
என்னைக் கேட்டால் டிரெய்லர்தான் நல்லது. தங்கும் இடத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் திற்பரப்புக்கும் பேச்சிப்பாறைக்கும் போய்வரலாம். பெரிய வண்டியை எங்கள் பகுதிச் சாலைகளுக்குள் கொண்டுவந்தால், இருபுறமும் தாழ்ந்து நிற்கும் ரப்பர் மரக் கிளைகள் கூரைமேல் இருக்கும் ஏசியின் மூடியைப் பெயர்த்துவிடும். எதிரே ஒரு பேருந்து வந்துவிட்டால் பின்னால் எடுக்கவும் வழியிருக்காது.

ஆரல்வாய்மொழி வாசகர்:
நண்பர் சொல்லும் வசதி உண்மைதான், ஆனால் எங்கள் கணவாய் வழியாக டிரெய்லரை இழுத்துவரச் சொல்லாதீர்கள். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான காற்று, உயரமான பெட்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும்.

குலசேகரம் தோட்டக்காரர்:
அந்தக் காற்று தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது. டிசம்பரில் அந்த வேகம் ஏது? டிரெய்லர் ஆடுவதற்குப் பெரும்பாலும் பாரம் ஏற்றிய விதமே காரணம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்கொக்கியின் மேல் இறங்க வேண்டும். தண்ணீரையும் சாமான்களையும் பின்பக்கம் அடுக்கிவிட்டுக் காற்றைக் குறை சொல்லக் கூடாது.

ஆரல்வாய்மொழி வாசகர்:
பாரக் கணக்கை நான் மறுக்கவில்லை. டிசம்பரில் காற்று தணிந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரெய்லரை இழுத்துப் பழக்கமில்லாதவர் நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போது, அந்த லாரி கிளப்பும் காற்றே போதும். குடும்பத்தோடு வருபவர்கள் பழகிப் பார்ப்பதற்கு இது இடமில்லை.

மார்த்தாண்டம் பணிமனை:
எல்லோரும் வெளித்தோற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கேரவனின் தரம் அதன் மின்சாரத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரி என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருக்கினால் 2,400 வாட் மணி. ஏசி 1,200 வாட் இழுத்தால் கணக்குப்படி இரண்டு மணி நேரம், இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்தால் அதுவும் இல்லை. ஆகவே இரவு முழுவதும் ஏசி ஓடும் என்று ஒருவர் சொன்னால், எதில் ஓடும் என்று கேளுங்கள். வெளி மின் இணைப்பா, ஜெனரேட்டரா, வண்டியின் எஞ்சினா என்பதை அவர் சொல்லியே ஆக வேண்டும். அண்ணன் ஊரில் கேம்ப் கிரவுண்டில் மின் இணைப்பும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடமும் இருக்கும். நம் மாவட்டக் கடற்கரைகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

தக்கலைவாசி:
கேட்ட விவரங்களைத் தருகிறேன். பயணம் இங்கேதான். அம்மாவையும் நான்கு பிள்ளைகளையும் சேர்த்து ஒன்பது பேர். அம்மாவுக்கு மூட்டுவலி. கன்னியாகுமரி, முட்டம், திற்பரப்பு பார்த்துவிட்டுக் கேரளத்து மலையூரான வாகமண் வரை போக எண்ணம். அண்ணன் அமெரிக்காவில் ஓட்டிப் பழகியவர் என்பதால் தாமே ஓட்டுவதாகச் சொல்கிறார்.

களியக்காவிளை பயணி:
இனி தெளிவாகப் பேசலாம். அண்ணன் எழுதிய ஐந்தில் உங்களுக்கு இங்கே வாடகைக்குக் கிடைக்கக்கூடியது, டெம்போ டிராவலர் போன்ற வேனில் கட்டிய கேரவன்தான். அதைப் பி வகைக்கும் சி வகைக்கும் நடுவில் வைக்கலாம். ஓட்டுநரோடு வரும் வண்டியையே எடுங்கள்; வலப்புறச் சாலையில் ஓட்டிப் பழகியவர், முதல் நாளே இந்த அகலமான வண்டியை மார்த்தாண்டம் நெரிசலுக்குள் ஓட்ட வேண்டாம். வாடகை வண்டி டி போர்டாக, அதாவது வாடகை வாகனமாகப் பதிவானதாக இருக்க வேண்டும். ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானதை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டுப் பணம் கிடைப்பது பெரும்பாடாகிவிடும். எல்லை தாண்டுவதால் கேரளத்துக்கான பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

ஒன்பது பேருக்கு எத்தனை கட்டில் என்று பார்க்காமல், சீட் பெல்ட்டோடு எத்தனை இருக்கைகள் என்று பாருங்கள். ஒரு கேரவனும் ஒரு காரும் எடுப்பதே சரியாக வரும். அம்மாவுக்காக முதல் படியின் உயரத்தையும், பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா என்பதையும், கழிப்பறைக் கதவின் அகலத்தையும் நேரில் பாருங்கள். வாகமண் நல்ல தேர்வு. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபின் அங்கேதான் முதல் கேரவன் பூங்கா வந்தது. கன்னியாகுமரியில் அந்த நாள்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிறைந்திருக்கும். இரவு நிறுத்தும் இடத்தை ஏதாவது ஒரு விடுதியில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பணிமனை நண்பர் எழுப்பிய கேள்வியை நான் இன்னும் அழுத்தமாகக் கேட்கிறேன். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை ஊரில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியதே காரணம். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே யாரும் தூங்கக் கூடாது. அதைக் கண்டறியும் அலாரம் வண்டியில் இல்லையென்றால் நீங்களே ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள்.

நாஞ்சில் மூத்தவர்:
களியக்காவிளை நண்பர் சொன்னது சரி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரைமட்டத்தில் காற்றுத் துளை இருக்க வேண்டும். காளிகேசம் காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்க எண்ண வேண்டாம்.

தக்கலைவாசி:
அனைவருக்கும் நன்றி. ஆர்சி புத்தகத்தின் படத்தைக் கேட்டேன்; அவர் அனுப்பவில்லை. ஆகவே முன்பணம் கட்டவில்லை. திருவனந்தபுரத்தில் ஓட்டுநரோடு வரும் டி போர்டு வண்டி ஒன்று இருக்கிறதாம். நாளை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். கூடவே ஒரு கார் என்றதற்கு அண்ணனும் ஒப்புக்கொண்டார்.

மார்த்தாண்டம் பணிமனை:
நல்லது. போகும்போது ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் முடிகிறது, கட்டிலருகே இருக்கும் ஜன்னலுக்கு எவ்வளவு தொலைவு என்று பார்த்து எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.