மகளிர் குழுவும் வாரத் தவணைக் குழுவும் ஒன்றா?

கேள்வி:
எங்கள் ஊர் தர்மபுரி பக்கம். அம்மா 12 வருஷமாக மகளிர் குழுவில் இருக்கிறார், இரண்டு கறவை மாடும் அந்தக் கடனில் வாங்கியதுதான். இப்போது ஒரு தனியார் நிதி நிறுவனம் தெருவில் பத்துப் பெண்களைச் சேர்த்து வாரத் தவணையில் கடன் தருகிறது. இதுவும் குழுக் கடன்தானே என்கிறார் அம்மா. சேரலாமா?

பதில்:
இரண்டும் வேறுங்க. மகளிர் குழுவில் சேமிப்புதான் முதல். அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகச் சுற்றுக்கு விட்டு, தீர்மான நோட்டு எழுதிப் பழகி, அப்புறம்தான் வங்கிக்குப் போவார்கள், உள்கடன் வட்டியும் குழுவுக்கே சேரும். தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக இது 1989-ல் தொடங்கியதே உங்கள் தர்மபுரியில்தான், குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு கொண்டுவந்த வங்கி இணைப்பு வந்தது 1992-ல். வாரத் தவணைக் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும்.

பதில்:
என் சித்தி ஒன்றை அடைக்க இன்னொன்று என்று நான்கு இடத்தில் வாங்கி, தவணை நாளில் வீட்டுக்கே வராமல் இருந்தார். மனசு ஆறவில்லை. 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

பதில்:
அம்மாவின் மாடுகளில் வரும் பால் பணம் யார் கைக்குப் போகிறது?

கேட்டவர்:
அம்மாவின் வங்கிக் கணக்குக்குத்தான் அக்கா, அட்டையும் அவரிடமே. சரி, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.