மிளகு நாற்று துளிர்த்த பிறகு அடி கறுத்துச் சாகிறது, காப்பாற்ற வழி உண்டா?

காப்பிக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றுவதற்காக இந்த வருடம் முதல்முறையாக நானே மிளகு நாற்று போட்டேன். நிழல்வலைக்குக் கீழே மூங்கிலை வளைத்து பாலித்தீன் தாள் போர்த்திய சின்னக் குடில். பன்னியூர்-1, கரிமுண்டா இரண்டு மிளகு ரகமும் சேர்த்து 600 பை. மார்ச் இரண்டாம் வாரம் நட்டது.

மூன்றாவது வாரத்தில் அநேகமாக எல்லாமே துளிர்த்துவிட்டன. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது 40 நாள் ஆகிறது. ஒரு வாரமாகத் துளிர் தலை தொங்குகிறது, மறுநாள் தண்டின் அடி கறுக்கிறது. தொட்டால் கையோடு வருகிறது. 150 பைக்கு மேல் போய்விட்டது. ஜூன் மழைக்கு நட இதைத்தான் நம்பியிருக்கிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன்.

கூடலூரான்:
வேர் ஹார்மோன் போட்டீர்களா அண்ணா? ஐ.பி.ஏ. என்கிற வேரூக்கியின் 1000 பி.பி.எம். (லிட்டருக்கு 1 கிராம்) கரைசலில் 45 விநாடி முக்கி நட்டால் வேர் நன்றாகப் பிடிக்கும்.

நாற்றங்கால் அக்கா:
ஹார்மோன் அடுத்த வருடத்துக்கு உதவும் தம்பி, அழுகலுக்கு அது மருந்தில்லை.

காப்பிக்காடு, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். செத்த தண்டைப் பிடுங்கினால் வேர் இருக்கிறதா, மொட்டையாக வருகிறதா? நல்ல பையைக் கையில் தூக்கினால் கனமாக இருக்கிறதா, அடியில் ஓட்டை உண்டா? இலையில் கரும்புள்ளி இருந்தால் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஓரம் இழை இழையாகப் பிரிந்து பரவியிருக்கிறதா? தண்டு எங்கே வெட்டினீர்கள், மண் கலவை என்ன என்பதையும் எழுதுங்கள்.

காப்பிக்காடு:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் அக்கா. பிடுங்கிய பத்தில் எட்டு மொட்டை. மண்ணுக்குள் இருந்த கணு கூழாகி, ஒரு புளித்த வாடை. பை செங்கல் மாதிரி கனக்கிறது. ஓட்டை பக்கவாட்டில் நாலு, அதுவும் பாதி உயரத்தில். அடியில் ஒன்றுகூட இல்லை. நான் கவனிக்கவே இல்லை. இலைப்புள்ளி நீங்கள் சொன்ன மாதிரியேதான், ஓரத்தில் இழை தெரிகிறது.

தண்டு கொடியின் அடியிலிருந்து ஓடும் ஓடுகொடியில் எடுத்தது. நுனியிலிருந்து அடிவரை எதையும் வீணாக்காமல் வெட்டினேன். கலவை இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழு உரம். உரம் முழுதாக மக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாற்றங்கால் அக்கா:
சரி, புரிந்துவிட்டது. துளிரைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். முதல் துளிர் தண்டில் இருக்கிற சத்திலேயே வந்துவிடும், வேர் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் கணு தண்ணீரில் நின்றால் மூச்சு முட்டி அழுகும். அப்புறம் இழை ஓரப் புள்ளி பைட்டோப்தோரா. மிளகில் வாடல் நோய் கொண்டுவருகிற, பூஞ்சை போன்ற அதே கிருமிதான். ஈரத்தோடு சேர்ந்து உங்கள் மூடிய குடிலில் ஓடுகிறது.

இன்றைக்கே அழுகிய பையை எல்லாம் மண்ணோடு வெளியேற்றிக் குழியில் புதைத்துவிடுங்கள், அந்த மண்ணை மறுபடி எடுக்காதீர்கள். மீதிப் பைகளுக்கு அடியில் சாக்கு ஊசியால் நாலைந்து ஓட்டை. தரையில் நேராக வைக்காமல் ஜல்லி பரப்பி அதன்மேல் அடுக்குங்கள், தண்ணீர் வடிந்து போகட்டும். பகலில் பாலித்தீனை இரண்டு பக்கமும் தூக்கி விடுங்கள். இரண்டு நாள் தண்ணீரே வேண்டாம். அப்புறம் மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் காலையில் ஒரு தெளிப்பு.

இலைக்கு 1 சதவீத போர்டோ கலவை. 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான அரிவாள் நுனியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே அடித்துவிடுங்கள். மண்ணுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற செம்பு மருந்து, லிட்டருக்கு 2 கிராம், பை மண் நனையும் அளவு மட்டும்.

கூடலூரான்:
நோய்ப் பூஞ்சையை அடக்குகிற டிரைக்கோடெர்மாவும் சேர்த்துவிடலாமா அக்கா?

நாற்றங்கால் அக்கா:
சேர்த்து வேண்டாம். அதுவும் பூஞ்சைதானே, செம்பு மருந்து அதையும் அடக்கிவிடும். இரண்டு வாரம் கழித்து, மக்கிய உரத்தோடு கலந்து கொடுக்கட்டும்.

இன்னொன்று. இளம் நுனியும் முற்றிய அடியும் நாற்றுக்கு ஆகாது. ஓடுகொடியின் நடுப்பகுதியில் இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி வெட்டுங்கள். கொடியைத் தரையில் ஓடவிடாமல் ஒரு குச்சி நட்டு அதில் சுற்றி வையுங்கள், மண் படாத தண்டில் நோய் குறைவு. மண் கலவையை வெயில் காலத்தில் ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பாலித்தீனால் மூடி ஒரு மாதம் வெயிலில் வேகவைத்தால் பூஞ்சையும் நூற்புழுவும் அடங்கும். சந்தேகம் தீராவிட்டால் வாடிய இரண்டு பையைத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

காப்பிக்காடு (25 நாள் கழித்து):
அக்கா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதல் வாரம் இன்னும் 60 பை போனது, பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. இன்று எண்ணினேன், 370 நிற்கிறது. அதில் ஒரு பையை ஓரமாகக் கிழித்துப் பார்த்தேன். கணுவைச் சுற்றி வெள்ளை வேர், நுனி மட்டும் இளமஞ்சள், பையின் சுவர்வரை வந்திருக்கிறது. அதை அப்படியே வேறு பைக்கு மாற்றி நிழலில் வைத்திருக்கிறேன். ஜூனில் நடலாமா, இன்னும் பொறுக்கவா?

நாற்றங்கால் அக்கா:
பொறுங்கள். நாலைந்து இலை வந்து, பாலித்தீனை முழுதாக எடுத்த பிறகும் வாடாமல் நின்றால் நடலாம். ஜூன் கடைசியோ ஜூலையோ ஆனாலும் பரவாயில்லை. முதலில் கரிமுண்டாவில் பத்து மட்டும் வெளியே வைத்துப் பாருங்கள்.