பைபர் படகின் மேல்தளம் காலடியில் அமுங்குகிறது: மேலே கண்ணாடியிழை மேட் ஒட்டினால் போதுமா?

கேட்பவர், தரங்கம்பாடி

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 28 அடி பைபர் படகு பற்றிய சந்தேகம். சுனாமிக்குப் பிறகு 2005-இல் எங்கள் வீட்டுக்கு வந்த படகு. அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனபின் மூன்று வருடமாகத் தென்னை மரத்தடியில் வானம் பார்த்துக் கிடந்தது. இப்போது நான் தொழிலுக்கு எடுக்க நினைக்கிறேன்.

அடிப்பகுதியில் விரிசல் இல்லை. ஆனால் அணியத்தை (படகின் முன்முனையை) அடுத்த மேல்தளத்தில் கால் வைத்தால் ஈரப் பாயை மிதித்ததுபோல் அமுங்குகிறது. காலை எடுத்ததும் நங்கூரக் கயிறு கட்டும் கட்டையின் போல்ட் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிகிறது. பட்டறைக்காரர் ஒருவர், மேலேயே இரண்டு அடுக்கு மேட் ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார். ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். ஒட்டலாமா?

பதில், தூத்துக்குடி

ஒட்டாதீர்கள் தம்பி. இருபது வருடத்துக்கும் மேலாகப் படகு கட்டும் வேலையில் இருக்கிறேன். அப்படி ஒட்டிய தளங்களை மறுவருடமே பிரித்துப் போட்டிருக்கிறேன்.

உங்கள் தளம் நடுவில் பிளைவுட், அதற்கு மேலும் கீழும் கண்ணாடியிழைத் தோல் என்று மூன்றும் சேர்ந்து ஒன்றாக நின்றால்தான் ஆள் பாரம் தாங்கும். நடுப்பலகை உளுத்தால் மேல்தோல் தனியாக வளையும். அதன்மேல் இரண்டு மேட் போட்டால் பாரம்தான் கூடும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாமல், நல்ல பலகையையும் சேர்த்து அழுகவைக்கும்.

படகுக்காரர்கள் பலரும் உப்புத் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு மழைத் தண்ணீர்தான் வசதி. மூன்று வருடம் மூடாமல் கிடந்தது என்றீர்களே, காரணம் அதுதான்.

முதலில் மரச்சுத்தியலின் பிடியால் தளம் முழுவதும் சாண் சாணாகத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கேட்கும். உளுத்த இடம் ‘தொப்’ என்று அடங்கும். எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டு, எல்லைக்கு வெளியே நாலைந்து இடத்தில் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வரும் தூள் வெளுத்து உலர்ந்திருந்தால் அங்கே பலகை நலம். கறுத்து விரலில் ஒட்டினால் எல்லையைத் தள்ளி வரையுங்கள்.

பதில், மன்னார்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் தளத்தோடு நிறுத்த வேண்டாம். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள்ளும் பிளைவுட்தான் இருக்கும். எஞ்சினை மாட்டி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்பலகை கூடவே அசைந்தாலும், மூலைகளில் மயிரிழைபோல் வெடிப்பு தெரிந்தாலும் தளத்தைவிட அதுதான் அவசரம். நடுக்கடலில் தளம் அமுங்கினால் கரை வந்து சேரலாம், பின்பலகை கழன்றால் எஞ்சினே கடலுக்குள் போய்விடும்.

தளத்துக்கு அடியில் மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். அதைப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் குடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் அதே அளவு புது நுரை வைக்காமல் தளத்தை மூடாதீர்கள். படகு கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு கிடக்க அந்த நுரை மட்டும்தான் இருக்கும்.

கேட்பவர்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். பின்பலகை அசையவில்லை, பெரிய நிம்மதி. தளத்தில் சுண்ணக்கோடு நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக வந்தது, ஏறத்தாழ 5 அடிக்கு 4 அடி. எப்படி வெட்டுவது? மேட்டை ஒட்டி இறுக வைக்கும் ரெசின் எதை வாங்குவது, எப்பாக்ஸியா, சாதாரண பாலியெஸ்டரா? எப்பாக்ஸி விலை கேட்டு மலைத்துப்போனேன்.

பதில், சென்னை

பாலியெஸ்டர் ரெசின் காய்ந்த கண்ணாடியிழையில் நன்றாகப் பிடிக்கும், மரத்தில் அந்த அளவுக்குப் பிடிக்காது. மரத்தை ஒட்டும் இடத்துக்கு மட்டும் எப்பாக்ஸி வாங்கினால் செலவு அடங்கும் என்று தோன்றலாம். ஆனால் எப்பாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் ஒழுங்காகப் பிடிக்காது. அதனால் தொடங்கினால் கடைசி அடுக்குவரை எப்பாக்ஸியிலேயே போக வேண்டும். இன்னொன்று, சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்துவைக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரையும்படி செய்தது. எப்பாக்ஸியில் அது கரையாது, மேட் விறைத்து நிற்கும். எப்பாக்ஸி என்றால் நெய்த கண்ணாடியிழைத் துணியாக வாங்குங்கள்.

பதில், தூத்துக்குடி

தொழில் படகுக்குப் பாலியெஸ்டரே போதும் என்பது என் கருத்து தம்பி, பலகை எலும்புபோல் உலர்ந்திருந்தால்.

வெட்டும் முன் படகு நேராக உட்காரும்படி இருபுறமும் தாங்கு கட்டை கொடுங்கள். தளத்தைத் திறந்த பிறகு படகு முறுக்கிக்கொண்டால் அந்தக் கோணல் நிரந்தரமாக நின்றுவிடும். கட்டரின் ஆழத்தை மேல்தோல் அளவுக்கு மட்டும் வைத்து, ஓரத்தில் நான்கு விரல் விட்டு அறுங்கள். கண்ணாடித்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள்.

பிளைவுட் ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஏடு பிரியக் கூடாது என்பது அதன் கணக்கு. பழைய தோலோடு புது மேட் சேரும் ஓரத்தை, தோலின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள்.

இதை மறக்கவே கூடாது: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான், அதை இறுகத் தொடங்கவைக்கும் கேட்டலிஸ்ட். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். நம் வெயிலுக்குக் கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போட்டுப் பாருங்கள். அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள்.

கேட்பவர்

திறந்துவிட்டேன். மேல்தோல் ஒரே தகடாக வந்தது. அடியில் பலகை என்று ஒன்றும் இல்லை. ஊறிப்போன புகையிலைபோல் கறுத்த சக்கை, கையால் அள்ளினேன். நான்கு வாளி. புளித்த வாடை இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட் துளைக்கு நேர் கீழேதான் சக்கை மிகவும் கறுத்திருந்தது. அந்தக் கட்டையைத் தாமே துளை போட்டுப் பொருத்தியதாகவும், துளைக்குள் எதுவும் பூசவில்லை என்றும் அப்பா சொன்னார். நுரையில் பாதி நனைந்திருந்தது, எடுத்துவிட்டேன். மேலே தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருக்கிறேன். காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில், தூத்துக்குடி

ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளின் அடியில் வியர்த்திருந்தால் காயவில்லை என்று பொருள்.

போல்ட் துளையைப் பெரிதாகத் துளைத்து, சிலிக்கா தூள் கலந்த எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் புதிதாகத் துளையுங்கள். அப்போது தண்ணீர் இறங்கினாலும் பலகையைத் தொடாது. சிறு டப்பா வாங்கினால் போதும். தளமெல்லாம் பாலியெஸ்டரில் இறுகியபின் கடைசியாக இதைச் செய்யுங்கள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் தை வரை பொறுங்கள் தம்பி. ஈரத்தில் மூடினால் இந்த நான்கு வாளியை மறுபடியும் அள்ள வேண்டியிருக்கும்.

கேட்பவர்

முதல் இரவு தாள் முழுக்க முத்து முத்தாக நீர். பத்தாம் நாள் காலை அணியப் பக்கம் காய்ந்திருந்தது, நடுவில் உள்ளங்கை அளவுக்கு இன்னும் வியர்த்திருந்தது. நேற்று மாலை தூறல் விழுந்தது. பிளைவுட்டை வாங்கி வீட்டுக்குள் சாய்த்து வைத்திருக்கிறேன். தைக்குத் தள்ளிவிட்டேன், அண்ணா. அப்பாவும் அதையே சொன்னார்.