ஓவர்விண்டரிங்: 'பனிதாண்டல்' போதுமே, அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

செடி குளிர்காலத்தைச் சாகாமல் கடப்பதையும், அப்படிக் கடக்க நாம் காப்பதையும் ஆங்கிலத்தில் 'ஓவர்விண்டரிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'குளிர்காலக் கடத்தல்' பொருளில் பழுதில்லாத சொல்தான். ஆனால் 'பூந்தொட்டியைக் கடத்தினார்' என்று எழுதினால் வாசிக்கிறவர் போலீஸைத் தேடுவார். 'குளிர்கால உறக்கம்' ஏற்கெனவே கரடிக்குப் போய்விட்டது.

குளிர்நாட்டில் பல்லாண்டுச் செடி தரையில் நின்றால், தண்டு கருகினாலும் வேர் பிழைக்கும். தொட்டியில் இருப்பதோ கொஞ்ச மண். குளிர் நாலு பக்கமும் ஏறி வேரை உறைய வைக்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும் என்பதால் ஈரம் குடித்த மண்தொட்டியே வெடித்துவிடும். அதனால் தொட்டிக்குச் சாக்கு சுற்றுகிறார்கள், கார் ஷெட்டில் ஒதுக்குகிறார்கள், இல்லையென்றால் தொட்டியோடு புதைக்கிறார்கள். தண்ணீர் பேருக்குத்தான். உறக்கம் செடியின் வேலை; நமக்கு வேண்டிய சொல் ஆள் செய்கிற வேலைக்கும் பொருந்த வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் மாடியில் ஒரு கண்வலிக்கிழங்குத் தொட்டி. தை கழிந்ததும் கொடி காய்ந்து சருகாகிவிட்டது. கொட்டப் போனேன். ஆச்சி விடவில்லை: "சாகலடே, கெழங்கு உள்ள கெடக்குல்லா!" கிளறிப் பார்த்தால் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு, நுனியில் அரிசி அளவு முளை. அது ஒடிந்தால் போச்சு. தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளித் தண்ணீரை நிறுத்தினோம். ஆனிச் சாரல் காற்றில் துளிர்த்தது.

மாட்டுக்கும் செடிக்கும் "கோடை தாண்டிருமா?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்தத் தாண்டலையே எடுத்துக்கொள்வோம்: பனிதாண்டல். செடி பனிதாண்டும், நாம் பனிதாண்ட வைப்போம். கோடைதாண்டலும் கூடவே கிடைக்கிறது. (இடையில் த் போட்டுவிடாதீர்கள். பனியைத் தாண்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது.)

பனி என்றால் நமக்கு மார்கழி ஈரம்தானே என்பீர்கள். சரி, ஆனால் முன்பனியும் பின்பனியும் சேர்ந்தால் மார்கழி முதல் பங்குனி வரை. குளிர்நாட்டுக்காரர்கள் தொட்டியை உள்ளே வைத்திருப்பதும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான். 'கூதிர்தாண்டல்' வேண்டவே வேண்டாம். கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை; நமக்கு அடைமழை. அப்போது தொட்டிச்செடி வேர் அழுகித்தான் சாகும்.

அப்புறம், உள்ளே இருந்த தொட்டியைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே விடுவதற்குக் 'கடினப்படுத்துதல்' என்கிறார்கள். செடியை அடிக்கிற மாதிரி இருக்கிறது. 'வெயில் பழக்கல்' ஆகுமா?