மேல்வரி எழுத்தின் வால் கீழ்வரி எழுத்தின் வளைவில் முட்டுகிறது: உதவி தேவை

கேள்வி (குடியாத்தம்):
எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரை வேலூரில் அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். பிழை பார்க்கத் தந்த மெய்ப்பில், மேல்வரியிலுள்ள ‘வு’, ‘பு’ ஆகியவற்றின் வால் கீழ்வரியிலுள்ள ‘கீ’, ‘ரீ’ ஆகியவற்றின் வளைவில் முட்டுகிறது; ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளும் அடைபட்டுக் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. தடித்த எழுத்துரு, 11 பாயிண்ட். வரி இடைவெளியைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனே தானாக வைத்திருக்கிறது. பக்கம் அமைக்கும் தம்பியிடம் எந்த உறுப்பைச் சுட்டி, என்ன திருத்தம் சொல்ல வேண்டும்?

பதில் (ஆற்காடு):
ஐயா, நீங்கள் வால் என்பது இறங்கு கீற்று. ‘கீ’யின் தலையில் இருப்பது மேல்விலங்குச் சுழி. முன்னது ‘ப’, ‘ட’ அமரும் கோட்டுக்குக் கீழேயும், பின்னது அவற்றின் தலைக்கு மேலேயும் நீள்பவை. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் வரிக்கு வரி இப்படி முட்டாது. ஏனெனில் கீற்றும் விலங்கும் ஈயக் கட்டையின் உயரத்துக்குள் அடங்கியிருக்கும், இன்னும் இடம் வேண்டுமென்றால் வரிகளுக்கிடையே ஈயத் தகட்டைச் செருகுவார்கள். கணினியில் அந்தத் தடுப்பு இல்லை. இன்டிசைன் தானாக வைப்பது எழுத்தளவில் 120 விழுக்காடு, அதாவது உங்களுக்கு 13.2 பாயிண்ட். மேலும் கீழும் இவ்வளவு உறுப்புகள் நீளும் தமிழுக்கு அது நெருக்கம். ஆகவே 15 அல்லது 16 வைக்கச் சொல்லுங்கள்.

பதில் (வேலூர்):
சுழிக்கு வரி இடைவெளி உதவாது. எழுத்து தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை குறுகும். மெய்ப்பிலேயே அடைபட்டிருந்தால், மையை உறிஞ்சும் தாளில் ஆஃப்செட் அச்சு ஓடும்போது இன்னும் மோசமாகும். அதே எழுத்துருவின் சாதாரணத் தடிமனுக்கு மாற்றி, மலர் அச்சாகும் தாளிலேயே ஒரு பக்கத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (குடியாத்தம்):
இருவருக்கும் மிக்க நன்றி. 16 வைத்தால் பக்கம் கூடுகிறது. எழுத்தை 10 பாயிண்டாகக் குறைக்கலாமா?

பதில் (ஆற்காடு):
வேண்டாம் ஐயா, சுழியின் வெள்ளையும் சேர்ந்து சுருங்கிவிடும். 11 பாயிண்டையே வைத்து, இடைவெளியை 15 ஆக்கி, பக்க ஓரத்தைச் சற்றுக் குறையுங்கள். இரண்டு வரியில் வரும் தலைப்புகளைத் தனியாகப் பாருங்கள்; பெரிய எழுத்தில் கீற்று முட்டினால் உடனே கண்ணில் படும்.